கன்னத்துக்குக் கிரீமா, பவுடரா?

ஆவணிக் கல்யாணங்கள் நெருங்கிவிட்டன. இந்த மாதம் வந்த கடிதங்களில் நிறைய 50 வயதைத் தாண்டிய பெண்கள் எழுதியவை. எல்லாரும் கேட்பது கன்னத்துக்குப் போடும் பிளஷ் பற்றித்தான்.

கேள்வி: அக்கா, எனக்கு 59 வயது. படிப்பித்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். கனடாவில் இருந்து வந்த மச்சாள் ஒரு பவுடர் பிளஷ் தந்தாள். போட்டுப் பார்த்தால் கன்னத்தில் தூசி படிந்தது போல இருக்கிறது. சிரித்தால் கோடு கோடாகத் தெரிகிறது. முகம் கழுவினால் தோல் இழுத்துப் பிடிக்கும். கடையில் நிற்கிற பிள்ளை கிரீம் பிளஷ் வாங்கச் சொல்கிறாள். இந்த வெக்கைக்கு அது உருகி வழியாதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கோண்டாவில்

பதில்: ரீச்சர், கிரீமையே வாங்குங்கள். மச்சாள் தந்ததை எறியவும் வேண்டாம், அதற்கும் ஒரு வேலை இருக்கிறது.

பவுடர் பிளஷில் பெரும்பங்கு டால்க், மைக்கா போன்ற கனிமங்களை அரைத்த தூள். அது எண்ணெயை உறிஞ்சும். 20 வயதுப் பிள்ளையின் முகத்தில் எண்ணெய் கசியும், அதனால் அவளுக்கு அது நல்லது. மாதவிடாய் நின்ற பிறகு தோலின் எண்ணெய்ச் சுரப்பு குறைந்துவிடும். அதற்குப் பிந்திய முதல் 5 வருடங்களில் தோலைத் தாங்கிப் பிடிக்கிற கொலாஜனில் ஏறக்குறைய 30 வீதம் போய்விடும் என்பது தோல் வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. தோல் மெலிகிறது, கண்ணுக்குத் தெரியாத செதில் எழும்புகிறது. தூள் அந்தச் செதிலில் பிடித்துக்கொள்ளும், கோட்டுக்குள் போய் இருந்துவிடும். நீங்கள் பார்த்த தூசி அதுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மணப்பெண் அலங்காரத் தொழிலுக்கு நான் வந்த புதிதில் சுன்னாகத்தில் ஒரு கல்யாணம். பெண்ணை வெளிக்கிடுத்தி முடிய நேரம் போய்விட்டது. தாய் கடைசியில் வந்து இருந்தார். மகளுக்குப் போட்ட அதே பவுடர், அதே பிரஷ், இரண்டு நிமிடம். அறைக்குள் வடிவாகத்தான் இருந்தது. பிறகு அல்பம் வந்தபோது பார்த்தேன். பந்தலுக்கு வெளியே, பகல் வெளிச்சத்தில், அந்த முகத்தில் ஒவ்வொரு கோடும் எழுதி வைத்தது போல நின்றது. அந்த அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. “எனக்கு வயசு போயிட்டுது பிள்ளை” என்று மட்டும் சொன்னார். வயதால் வந்ததல்ல அது, என் பவுடரால் வந்தது. அன்றைக்கு அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இப்போது எனக்கு 61 வயதாகிறது. என் தோலும் அப்படி ஆன பிறகு, அந்த முகம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

உங்கள் ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர். நம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது அந்தத் தண்ணீரில் இருந்து வருவதுதான். அப்படியான தண்ணீரும் சவர்க்காரமும் சேர்ந்தால் தோலில் ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கழுவினவுடன் இழுக்கிறது. உடம்புச் சவர்க்காரத்தை முகத்துக்குப் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். நுரை குறைந்த முகம் கழுவும் திரவம் போதும். வடிகட்டிய தண்ணீர் வீட்டில் இருந்தால் கடைசி ஒரு கோப்பை அதில் அலசுங்கள்.

கழுவின முகத்தை ஒற்றி எடுங்கள். ஈரம் முழுக்கக் காய முன்னர் கிளிசரினோ செரமைட்டோ உள்ள மொய்ஸ்சரைசரைப் பூசிவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கல்யாண வீட்டில் பொறுமை ஏது என்று கேட்பீர்கள். அந்த நேரத்தில் தலையை இழுத்துக் கட்டுங்கள், சேலையை மடித்து வையுங்கள். தோல் குடிக்க வேண்டியதைக் குடிக்கட்டும். குடித்த தோலில் கிரீம் வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்த தோலில் எந்தக் கிரீமும் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும்.

இனி உருகும் கதை. கிரீம் பிளஷ் மெழுகும் எண்ணெயும் சிலிக்கோனும் நிறமும் சேர்ந்தது. சூட்டில் இளகும், உண்மை. ஆனால் முகத்தில் வழுக்குவது பெரும்பாலும் எண்ணெய்த் தோல் உள்ளவர்களுக்கு. தோலின் எண்ணெயும் கிரீமின் எண்ணெயும் கலக்கும்போதுதான் நிறம் இடம் மாறும். உங்களுக்கு அந்தக் கவலை குறைவு. தடிப்பாகப் போடாதீர்கள், அவ்வளவுதான். மோதிரவிரலில் ஒரு பயறு அளவு எடுத்துப் புறங்கையில் தட்டிச் சூடாக்குங்கள். பிறகு கன்னத்தில் தட்டுங்கள், தேய்க்க வேண்டாம். தேய்த்தால் அடியில் போட்ட பவுண்டேஷன் கழன்று வந்துவிடும். போதவில்லையென்றால் இன்னொரு தடவை தட்டலாம். கூடிப்போனதை எடுப்பதுதான் பாடு.

எங்கே போடுவது என்பதில் ஒரு விஷயம். “சிரித்துக்கொண்டு, உருண்டு வரும் இடத்தில் போடு” என்று இளம்பிள்ளைகளுக்குச் சொல்வோம். எங்கள் வயதில் அப்படிப் போட்டால், சிரிப்பு அடங்கியதும் நிறம் கீழே இறங்கி முகத்தையும் சேர்த்து இறக்கிவிடும். முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டு, கண்ணுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி விட்டு, கன்ன எலும்பின் மேல் தொடங்கிக் காதுப் பக்கமாகத் தட்டுங்கள். மூக்கு நுனியின் மட்டத்துக்குக் கீழே நிறம் வரவேண்டாம்.

மச்சாள் தந்த பவுடர் எப்போது? கல்யாண நாளில் விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் வரை நிற்கவேண்டும். கிரீமைத் தட்டி முடித்த பிறகு, பெரிய மென்மையான பிரஷில் அந்தப் பவுடரைத் தொட்டு, ஒருமுறை உதறி, கிரீமின் மேல் ஒரே ஒரு வீச்சு. நிறம் பிடித்து நிற்கும். முறை மாறக்கூடாது. பவுடரின் மேல் கிரீம் போட்டால் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும், திருத்தவே முடியாது, முகத்தைக் கழுவிவிட்டுத் தொடங்கவேண்டி வரும். நிறமில்லாத பவுடர் போடுவதானால் நெற்றி, மூக்கு, நாடி மட்டும். கன்னத்தை விட்டுவிடுங்கள்.

முதல்நாள் வாங்கி மறுநாள் போட்டுப் பார்க்கிற வேலை வேண்டாம். குறைந்தது இரண்டு கிழமைக்கு முன்னர் வாங்கி, காதுக்குப் பின்னால் கொஞ்சம் பூசி இரண்டு நாள் பாருங்கள். கடித்தால் விட்டுவிடுங்கள். இன்னொன்று, இந்த வறட்சி திடீரென்று வந்ததென்றால், களைப்பும் முடி கொட்டுவதும் சேர்ந்திருந்தால், வைத்தியரிடம் ஒருமுறை தைரொயிட்டையும் சீனியையும் பார்க்கச் சொல்லுங்கள். பூச்சு அதற்கு மருந்தல்ல.

கேள்வி: எனக்கு 52 வயது, மாநிறத்தை விடக் கொஞ்சம் கறுப்பு. இளம் ரோஸ் நிறத்தில் கிரீம் பிளஷ் வாங்கினேன். முகம் சாம்பல் பூத்தது போல இருக்கிறது. என் நிறத்துக்கு பிளஷ் சரிவராதா?
— பருத்தித்துறை வாசகி

பதில்: உங்கள் நிறத்துக்கு எல்லாம் சரிவரும். சரியில்லாதது அந்த இளம் ரோஸ். வெளிறிய நிறங்களுக்குள் பெரும்பாலும் வெள்ளை நிறமி கலந்திருக்கும். கறுத்த தோலில் அந்த வெள்ளைதான் முன்னுக்கு வந்து நிற்கும். அதைத்தான் நீங்கள் சாம்பல் என்கிறீர்கள்.

கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் மழை பெய்து விட்ட பிறகு செம்பாட்டு மண் எப்படி இருக்கும்? அந்த நிறம் உங்களுக்கு எடுக்கும். நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம், மாதுளை முத்தின் கடும் சிவப்பு, இவையும் எடுக்கும். டப்பாவில் பார்க்கப் பயமாக இருக்கும். தோலில் தட்டியதும் அடங்கி, உள்ளிருந்து வந்தது போலத் தெரியும். கடையில் புறங்கையில் தடவி அங்கேயே முடிவெடுக்காமல், வாசலுக்கு வந்து வெய்யிலில் பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் பிசுபிசுத்தால் வேண்டாம், காய்ந்து வெடித்தாலும் வேண்டாம்.

மினுக்கம் உள்ளது கேட்காதீர்கள். மினுக்கத் துகள் வெளிச்சத்தைப் பிடித்து ஒவ்வொரு சுருக்கத்தையும் காட்டிக் கொடுக்கும். கிரீமின் ஈரப் பளபளப்பே போதும்.

வெள்ளையாக்கும் கிரீம் ஒன்று பூசுவதாகவும் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்தச் சொல்லி உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அப்படியான கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கும், சிலவற்றில் தோலை மெலியச் செய்யும் ஸ்டீரொயிட் இருக்கும். கனகாலம் பூசியிருந்தால், விட்ட பிறகு முகம் சிவந்து எரியலாம். ஆகவே யாழ் போதனா வைத்தியசாலையில் தோல் வைத்தியரைக் கண்டு, கேட்டு நிறுத்துங்கள். பிளஷ் அதற்குப் பிறகு.

கேள்வி: நல்லூர்த் திருவிழா 25 நாளும் நாங்கள் சைவம். பிளஷில் மச்சம் ஏதும் சேருமா?
— நல்லூர் வாசகி

பதில்: சேரும். சிவப்பு, ரோஸ் நிறங்கள் சிலவற்றில் கார்மைன் இருக்கிறது. கள்ளிச்செடியில் வாழும் ஒரு சின்னப் பூச்சியை உலர்த்தி எடுக்கும் நிறம் அது. பெட்டியில் கார்மைன் என்றோ சிஐ 75470 என்றோ போட்டிருப்பார்கள். கிரீம் பிளஷில் தேன்மெழுகும், செம்மறியாட்டு மயிரில் இருந்து எடுக்கும் லனோலினும்கூட இருக்கலாம். அவற்றைச் சேர்ப்பதா விடுவதா என்பது உங்கள் மனதைப் பொறுத்தது.

சிஐ 77491 என்று இருந்தால் பயமில்லை, அது இரும்பு ஒக்சைட். செம்பாட்டு மண்ணைச் சிவப்பாக்குவதும் இரும்பு ஒக்சைட்தான். கோயிலுக்குப் போட எனக்கு அந்த நிறமே பிடிக்கும்.

கேள்வி: அம்மம்மா கன்னத்தில் குங்குமத்தைத் தொட்டுத் தடவுவார். நானும் அப்படிச் செய்யலாமா? லிப்ஸ்ரிக்கைக் கன்னத்துக்குப் போடலாமா?
— 47 வயது, மானிப்பாய்

பதில்: குங்குமம் வேண்டாம். மஞ்சளில் சுண்ணாம்பு சேரும்போதுதான் அது சிவக்கிறது. சுண்ணாம்பு காய்ந்த தோலை இன்னும் காய வைக்கும். கடைக் குங்குமத்தில் சாயமும் கலந்திருக்கலாம்.

லிப்ஸ்ரிக் போடலாம். 90களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் என் பெட்டிக்குள் ஒரே ஒரு லிப்ஸ்ரிக் இருந்தது. உதட்டுக்கும் அது, கன்னத்துக்கும் அது. துளி தேங்காய் எண்ணெயில் குழைத்து, எத்தனை பெண்களை மணவறைக்கு அனுப்பியிருக்கிறேன்! இன்றைக்கு டப்பாவில் வருகிற கிரீம் பிளஷும் ஏறக்குறைய அதுதான். காய்ந்து இறுகும் மற் வகை மட்டும் வேண்டாம், கன்னத்தில் திட்டாகிவிடும்.

டப்பாவின் அடியில் திறந்த மூடியின் படமும் 12M என்பது போல ஓர் எண்ணும் இருக்கும். திறந்தபின் எத்தனை மாதம் என்பது அது. கிரீமுக்குள் விரல் போவதால் அது பவுடரை விடக் கெதியாகப் பழுதாகும். மணம் மாறினால் எறியுங்கள். வெய்யில் படுகிற யன்னலிலும் ஸ்கூட்டி சீற்றுக்கு அடியிலும் வைக்க வேண்டாம்.

கேள்வி: தங்கச்சி, எனக்கு 66 வயது. இவர் மோசம் போய் 14 வருடம். பொட்டும் வைப்பதில்லை, பூவும் வைப்பதில்லை. அடுத்த மாதம் மகனுக்குக் கல்யாணம். கண்ணாடியில் பார்த்தால் முகம் வெளிறி, நோயாளி போல இருக்கிறது. கன்னத்தில் கொஞ்சம் நிறம் போட்டால் சனம் கதைக்குமோ?
— சாவகச்சேரி

பதில்: அக்கா, போடுங்கள்.

உங்கள் கடிதத்தை என் கடையில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டினேன். யாரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. அதில் ஒருத்தியின் தாயும் உங்களைப் போலத்தான்.

உங்களுக்குப் பவுடர் வேண்டாம். பவுடர் மேலே நிற்கும், போட்டது தெரியும். கிரீம் தோலுக்குள் ஊறினது போலக் கிடக்கும். நிறம் தெரிவு செய்ய ஒரு வழி: கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துவிட்டு வந்தோ, வெய்யிலில் நடந்து வந்தோ கண்ணாடியைப் பாருங்கள். அப்போது கன்னத்தில் என்ன நிறம் வருகிறதோ அதைத்தான் வாங்கவேண்டும். மொய்ஸ்சரைசர் பூசிப் பத்து நிமிடம் பொறுத்து, அரைப் பயறு அளவு, மேலே ரீச்சருக்குச் சொன்ன இடத்தில் தட்டுங்கள். மிச்சம் விரலில் இருப்பதை உதட்டில் தொட்டுக்கொள்ளுங்கள். பவுண்டேஷன்கூட வேண்டாம். பார்க்கிறவர்களுக்கு நீங்கள் நல்லாக நித்திரை கொண்டு எழும்பினது போல மட்டும் இருக்கும்.

அப்படியும் யாராவது கதைத்தால்? 14 வருடம் தனியாக நின்று அந்தப் பிள்ளையை வளர்த்தது நீங்கள். படம் எடுக்கிறபோது அவர் பக்கத்தில் நீங்கள் முகம் வெளிறி, ஒரு ஓரமாக ஒதுங்கி நிற்பதை என்னால் ஏற்கமுடியவில்லை. மகனிடம் முதலே சொல்லி வையுங்கள், அவர் உங்களைத் தன் பக்கத்தில் பிடித்து நிறுத்துவார்.

சாவகச்சேரியில் இருந்து பஸ்ஸில் வர முடிந்தால் கல்யாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னர் ஒரு காலையில் வாருங்கள். கடை விறாந்தையில் நல்ல வெளிச்சம் இருக்கிறது. மூன்று நிறம் எடுத்து வைக்கிறேன், இருவரும் சேர்ந்து தட்டிப் பார்ப்போம்.