மருந்து வைத்தது யாருமில்லை

கேள்வி: டாக்டர், நாங்கள் காட்பாடியில் இருக்கிறோம். எங்கள் மூன்று மாதப் பூனைக்குட்டி இரண்டு நாள் எதையும் தின்னாமல் தண்ணீர்க் கிண்ணத்துக்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டபடியே உட்கார்ந்திருந்தது, ஓயாத வாந்தி, அப்புறம் ரத்தத்தோடு பேதி, மூன்றாம் நாள் செத்துப்போச்சு. எதிர்வீட்டார்தான் மருந்து வைத்துவிட்டார்கள் என்கிறார் மாமியார், அவர்களோடு பேச்சே நின்றுவிட்டது. வீடெல்லாம் பினாயில் போட்டுக் கழுவிவிட்டேன். பையன் வேறு குட்டி கேட்டு அழுகிறான். வாங்கலாமா? அவனுக்கு ஏதும் ஒட்டிக்கொள்ளுமா?
- ஒரு வாசகி

பதில்: முதலில் எதிர்வீட்டாரோடு பேசுங்கள் அம்மா. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தின்றிருந்தால் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே எச்சில் வழிந்து உடம்பு வெட்டி இழுத்திருக்கும். நீங்கள் எழுதியிருப்பது பார்வோ வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த பேன்லூக்கோபீனியா மாதிரி இருக்கிறது. ரத்தத்தில் வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும், குடலையும் அரித்துவிடும். மனிதருக்கு வராது, பையனைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஆனால் குட்டியை இப்போதே வாங்காதீர்கள். வேலூர் வெயிலில் எந்தக் கிருமி தாங்கும் என்று நிறைய பேர் கேட்கிறார்கள், வீட்டுக்குள் நிழலில் இது ஒரு வருஷம் வரைகூட உயிரோடு கிடக்கும், செருப்பிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு வரும். பினாயிலை இதற்கு நம்ப முடியாது, அதோடு பாதத்தை நக்கும் பூனைக்கு அதுவே விஷம். தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, கடையில் விற்கும் பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவுங்கள், அதோடு ஆசிட்டையோ வேறு எதையுமோ கலக்கக் கூடாது. பூனை படுத்த சாக்கு, துணி எல்லாம் போகட்டும்.

அடுத்து வருவது தடுப்பூசிகளை முழுசாகப் போட்டு முடித்த பூனையாக இருக்கட்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, பதினாறு வாரம் தாண்டும்வரை. ஒரே ஊசியோடு நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது, தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுத்துவிடலாம்.

இந்த வைரஸைக் கொல்ல மாத்திரை கிடையாது. டிரிப்ஸ், வாந்தியை நிறுத்தும் ஊசி, வேறு கிருமி புகாமலிருக்க ஆன்டிபயாடிக், கதகதப்பான இடம், இவ்வளவுதான் வைத்தியம், ஆனாலும் முதல் ஐந்து நாளைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதனால் வாந்தி தொடங்கிய அன்றே மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கி வாருங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைப் பொடித்து ஊற்றாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன், பூனையை அதுவே கொன்றுவிடும்.

கேள்வி: எங்கள் பூனை சினையாக இருக்கிறது. இந்த ஊசியை இப்போது போடலாமா?
- குடியாத்தம் வாசகர்

பதில்: உயிருள்ள வைரஸ் கலந்த ஊசி இப்போது வேண்டாம். வயிற்றிலிருக்கும் குட்டிகளின் சிறுமூளையை அது பாதிக்கலாம், பாதித்தால் பிறந்தபின் தள்ளாடித் தள்ளாடித்தான் நடக்கும். குட்டி போட்டபின் அழைத்து வாருங்கள், அதுவரை தெருப்பூனைகளோடு சேரவிடாதீர்கள்.