வீட்டில் படிக்கிற பிள்ளையை எந்தத் தரக் கணித வகுப்பில் சேர்ப்பது?

வணக்கம் தங்கச்சி. நீங்கள் எழுதியதை ஆறுதலாக வாசித்தேன். மகளுக்குப் பன்னிரண்டு வயது, வருத்தம் காரணமாகத் தரம் 6 இன் நடுவிலிருந்து வீட்டில்தான் படிக்கிறா. கனடாவில் இருக்கிற சித்தப்பா ஒன்லைன் வகுப்புக்குக் காசு கட்டத் தயார், ஆனால் கெட்டிக்காரப் பிள்ளை, தரம் 8 வகுப்பிலேயே போடுங்கள் என்கிறார். கிளிநொச்சியில் இருந்து ஸூமில் படிப்பிக்கிற சேர் தரம் 7 என்கிறார். உங்களுக்கோ தரம் 6 இலிருந்தே தொடங்க வேண்டுமோ என்று பயம். நேராகவே சொல்கிறேன், மூன்று பேரிலும் உங்கள் பயத்தில்தான் எனக்கு நியாயம் கூடத் தெரிகிறது. ஆனாலும் அதை நாங்கள் ஊகித்து முடிவெடுக்கத் தேவையில்லை, பிள்ளையின் கொப்பியே காட்டித் தரும்.

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்மொழி மூலப் பாடப்புத்தகங்கள் எல்லாம் இலவசமாக இருக்கின்றன. தரம் 6, தரம் 7 கணிதப் புத்தகங்களை இறக்கிக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒவ்வொரு அலகிலும் ஒரு சுகமான கணக்கும் ஒரு கொஞ்சம் கடினமான கணக்குமாக எடுத்து, ஒரு நாளைக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் போகாமல் செய்யக் கொடுங்கள். நேரம் வைக்க வேண்டாம், பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். அழிறப்பரை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள், பிழைத்தால் ஒரு கோடு கீறிவிட்டுத் திரும்ப எழுதட்டும்.

பிறகு புள்ளி போடாமல் செய்கையைப் பாருங்கள். 1/2 + 1/3 என்ற கணக்குக்கு மகள் 2/5 என்று எழுதினால் மேலேயும் மேலேயும் கூட்டி, கீழேயும் கீழேயும் கூட்டியிருக்கிறா என்று அர்த்தம். கோபப்படாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: அரை ரொட்டியோடு இன்னும் ஒரு துண்டைச் சேர்த்தால் அது அரையைவிடக் குறையுமா? 2/5 அரையைவிடச் சின்னது. அதைக் கேட்டதும் பிள்ளை நின்று யோசித்து "அப்ப இது பிழை" என்று தானே சொன்னால் கருத்து உள்ளே இருக்கிறது, முறைதான் மறந்திருக்கிறது, சில நாள் மீட்டலில் சரிவந்துவிடும். முழித்துக்கொண்டிருந்தால் பின்னம் என்பதே இன்னும் பிடிபடவில்லை, தரம் 8 வகுப்பில் அதை ஆரும் முதலிலிருந்து சொல்லித்தரப் போவதில்லை. 3/6 + 2/6 என்று சரியான முறையில் போய்க் கடைசியில் 3 ஐயும் 2 ஐயும் கூட்டி 5 க்குப் பதிலாக 6 என்று எழுதியிருந்தால் அது வெறும் கவனக்குறைவு, அதற்காகத் தரத்தைக் குறைக்க வேண்டாம். இதே மாதிரி −3 − 5 க்கு −8 என்று எழுதுகிறாவா, 3(அ + 2) ஐ விரிக்கச் சொன்னால் 3அ + 6 என்று எழுதாமல் 3அ + 2 என்று விட்டுவிடுகிறாவா என்றும் பாருங்கள். இந்த மூன்றிலும் தடக்குப்படுகிற பிள்ளை வாய்ப்பாட்டை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் மேல் வகுப்புக்கு ஆயத்தமில்லை. சித்தப்பா பார்த்தது அந்த வாய்ப்பாட்டு வேகத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் ஒரு விசயம் அடிக்கடி இருக்கும். கேத்திரகணிதம் தரம் 7 அளவில் நிற்கும், பின்னம் தரம் 5 இல் நிற்கும், பிடித்ததைப் படித்துப் பிடிக்காததை விட்டிருப்பார்கள். அதனால் மொத்தமாக இந்தத் தரம் என்று சொல்வது சில நேரம் முடியாத காரியம். என்னுடைய கணக்கு இதுதான்: ஒரு தரத்தின் கணக்குகளில் பாதிக்கு மேல் தனியே செய்து, மிச்சத்தில் தடக்குப்பட்டால் அந்தத் தரம்தான் அவவின் இடம். ஓட்டை பின்னத்தில் மட்டும்தான் என்றால் தரம் 7 இல் சேர்த்துவிட்டு அதை வீட்டில் அடையுங்கள். பின்னம், திசைகொண்ட எண்கள் (−3 போன்றவை), அட்சரகணிதம் மூன்றும் ஆடினால் தரம் 6 இலிருந்து தொடங்குங்கள். வரம்பு கட்டாத வயலுக்கு எவ்வளவு தண்ணீர் விட்டும் நிற்காது.

சின்னப் பிள்ளைகளோடு இருத்தினால் மகள் வெட்கப்படுவா என்கிறீர்கள். சரி, அந்த வயதில் அது பெரிய விசயம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். அப்படியென்றால் சித்தப்பாவின் காசை ஒரு வருடத்துக்கு முற்பணமாகக் குழு வகுப்பில் கட்டாமல், முதல் மூன்று மாதம் கிழமைக்கு இரண்டு நாள் தனி வகுப்பாக ஒழுங்கு செய்யுங்கள். தனி வகுப்பில் தரம் என்ற பெயரே தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போகலாம், தரம் 6 இல் தவறியதை முடித்துவிட்டுத் தரம் 7 குழுவில் சேரலாம். என்னைக் கேட்டால் உங்கள் வீட்டுக்கு இதுதான் பொருத்தம்.

இன்னொன்று, கனடாவில் நடக்கிற வகுப்பு வேண்டாம் என்றே சொல்வேன். ரொறன்ரோவில் பின்னேரம் 6 மணி என்றால் எங்களுக்கு அடுத்த நாள் அதிகாலை 3.30, அங்கே குளிர்காலத்தில் 4.30. வருத்தத்திலிருந்து தேறிவருகிற பிள்ளையை அந்த நேரத்தில் எழுப்பிக் கணக்குப் படிப்பிக்க முடியாது. அதோடு அங்கத்தைய தரம் 8 உம் எங்கள் தரம் 8 உம் ஒன்றில்லை, பாடங்கள் வரும் ஒழுங்கே வேறு. மகள் எந்தப் பரீட்சை எழுதப் போகிறா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாடசாலைக்குத் திரும்பித் தமிழில் சாதாரண தரம் எழுதுவதுதான் எண்ணம் என்றால் எங்கள் பாடத்திட்டத்தில் படிப்பிக்கிற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். லண்டன் பாடத்திட்டம் என்று பின்னர் யோசித்தால் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: எடெக்ஸெல் என்ற பிரித்தானியப் பரீட்சை அமைப்பு நடத்துகிற சர்வதேச ஜிசிஎஸ்இ (எங்கள் சாதாரண தரம் மாதிரியான பரீட்சை) கணிதம் ‘ஏ’ இல் ஃபவுண்டேசன், ஹயர் என்று இரண்டு மட்டங்கள் உண்டு, ஃபவுண்டேசனில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஆகக்கூடியது 5 ஆம் தரப்பெறுபேறுதான், 9 வரை போக ஹயர் எழுத வேண்டும். ஆனால் அது பதினான்கு, பதினைந்து வயதில் எடுக்க வேண்டிய முடிவு, இப்போது அதில் மண்டையைப் போட்டு உடைக்காதீர்கள்.

பொறியியல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் எங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கிறது, இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அங்கேதான், ஆசைப்படுவதில் ஒரு பிழையுமில்லை. அதற்கு முன்னால் சாதாரண தரம் இருக்கிறது. உயர்தரத்துக்குப் பொதுவான நிபந்தனை முதல்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அதில் மூன்றில் திறமைச் சித்தி. சாதாரண தரக் கணிதத்தின் முதலாம் வினாத்தாளில் இரண்டாம் பகுதியை எடுத்துப் பாருங்கள், முதற் கணக்கே பின்னமாகத்தான் வருவது வழக்கம். உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுத்துவிட்டுத் திணறி என்னிடம் வருகிற பிள்ளைகளின் கொப்பியில் 1/அ + 1/ஆ = 2/(அ + ஆ) என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது தரம் 6 இல் திருத்தாமல் விட்ட அதே பிழை, எண்ணின் இடத்தில் எழுத்து வந்திருக்கிறது, அவ்வளவுதான். பதினெட்டு வயதில் அதைத் திருத்துவது பிள்ளைக்கு எவ்வளவு மனவேதனை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

வகுப்பில் சேர்க்க முன்னர் சேரிடம் மகளின் செய்கையைப் பார்த்துத் திருத்துவாரா என்று கேளுங்கள், கொப்பியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்ப்பேன் என்றால் நல்லது. அறுபது, எழுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திரையில் எழுதிக்கொண்டே போகிறவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் உங்கள் மகளுக்கு உதவாது. வகுப்பைப் பதிவு செய்த காணொளி தருவாரா என்றும் கேளுங்கள், மழைக்குச் சிக்னல் போகும், மகளுக்கு ஏலாத நாளும் வரும்.

முதல் நான்கு கிழமையும் திரைக்குத் தெரியாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். வாய் திறக்காமல் பார்த்தெழுதிக்கொண்டே இருந்தால், வகுப்பு நாளில் மட்டும் வயிற்றுக்குத்து வந்தால், மட்டம் கூடிவிட்டது. சேர் கேள்வியை வாசித்து முடிக்க முதலே விடையை எழுதிவிட்டு ஓரத்தில் பூ கீறிக்கொண்டிருந்தால் குறைந்துவிட்டது, உடனே மேலே மாற்றுங்கள், தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதும் பிள்ளைக்குக் கணிதத்தை வெறுக்கச் செய்யும்.

அதோடு மகளின் பெயர் பாடசாலை இடாப்பில் இருக்கிறதா என்று இந்தக் கிழமையே பாருங்கள். 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி என்பதால் வைத்தியரின் கடிதத்தோடு அதிபரிடம் கதைத்து, தேவையென்றால் வலயக் கல்விப் பணிமனைக்கும் ஒருக்கால் போய் வாருங்கள். பெயர் வெட்டப்படாமல் இருந்தால் திரும்பிப் போகும்போது அலைச்சல் குறையும்.

அந்த இரண்டு புத்தகத்திலும் செய்த கணக்குகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சுத்தமாகத் திரும்ப எழுதி அனுப்ப வேண்டாம், வெட்டுக்கொத்தோடேயே அனுப்புங்கள், பார்த்துவிட்டு எந்த இடத்திலிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன்.