மூடுபனியில க்ளெண்டலாக்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அயர்லாந்துல, டப்ளின்ல இருக்குற பொண்ணு வீட்டுக்கு வந்திருக்கேன். க்ளெண்டலாக் பழைய துறவிமடத்துக்குச் சனிக்கிழமை போலாம்னு ப்ளான். அன்னிக்கு ஒரே மூடுபனின்னு ஃபோன்ல காட்டுது, மாப்பிள்ளை வேற நாள் பாத்துக்கலாம்ங்கிறார். என்ன பண்ணட்டும்?

பதில்: போயிட்டு வாங்கம்மா, தள்ளிப் போடாதீங்க. டப்ளின்லேர்ந்து தெற்கே 50 கிலோமீட்டர்தான், விக்லோ மலைக்குள்ள. நான் போன அன்னிக்கும் இதே பனிதான், 30 மீட்டர் உசர வட்டக்கோபுரத்துல பாதிதான் தெரிஞ்சுது, மேல இருக்குற கூம்பு காணவே காணோம், இவ்ளோ தூரம் வந்து இப்படி ஆச்சேன்னு மனசு சுருங்கிப்போச்சு. ஆனா தூரத்துல ஒண்ணும் தெரியாததால கண்ணு பக்கத்துல இருக்குறதுமேல நின்னுச்சு.

உள்ள நுழையுற இடத்துல ரெண்டு கருங்கல் வளைவு வெச்ச பழைய வாசல் இருக்கு. எல்லாரும் அதைக் கடந்து கோபுரத்துக்கு ஓடுவாங்க, நீங்க அங்கயே கொஞ்சம் நில்லுங்க. வாசலுக்குள்ள சுவத்துல ஒரு பெரிய கல்லுல சிலுவை செதுக்கியிருக்கும். இந்த எல்லைக்குள்ள வந்துட்டா அடைக்கலம்னு அதுக்கு அர்த்தம். துரத்துறவங்க கையிலேர்ந்து தப்பி ஓடி வந்த எத்தனை பேரு இந்தக் கல்லைப் பாத்ததும் அப்பாடான்னு மூச்சு விட்டிருப்பாங்க! நான் அந்தக் கல்லு முன்னாடியே ரொம்ப நேரம் நின்னுட்டேன்.

இன்னொண்ணும் சொல்லணும். 6-ஆம் நூற்றாண்டுல கெவின்ங்கிற துறவி ஆள் நடமாட்டமே வேண்டாம்னு தேடி வந்த பள்ளத்தாக்கு இது. இப்ப நிக்கிற கட்டடங்கள் பெரும்பாலும் அவருக்கு ரொம்பப் பின்னாடி, 10-லேர்ந்து 12-ஆம் நூற்றாண்டு வரைக்கும் கட்டினது. அவர் தேடின அந்த அமைதி மட்டும் பனி நாள்ல அப்படியே இருக்கு, வெயில் நாள்ல கூட்டத்துக்கு நடுவுல அது கிடைக்காது.

நல்ல பிடிப்பு உள்ள ஷூ போட்டுக்கங்க, புல்லு வழுக்கும். சுத்தி இருக்குறது கல்லறைகள், பாத்துக் கால் வைங்க.

கேள்வி: அந்த வட்டக்கோபுரத்துக்கு வாசலை ஏன் அவ்ளோ உசரத்துல வெச்சாங்க? கொள்ளைக்காரங்களுக்குப் பயந்தா?

பதில்: தரையிலேர்ந்து சுமார் மூணரை மீட்டர் மேல, ஏணி போட்டுத்தான் ஏறணும். கொள்ளைக்காரங்க வந்தா ஏணியை மேல இழுத்துக்குவாங்கன்னு பலரும் சொல்வாங்க. எனக்கு அது முழுசா ஒத்துக்கல, ஏன்னா உள்ள மாடியெல்லாம் மரம், தீ வெச்சா உள்ள இருக்குறவங்க கதி என்ன? இந்த மாதிரி கோபுரங்களுக்கு அஸ்திவாரம் ஆழம் கம்மி, அடியிலயே ஓட்டை போட்டா சுவர் பலம் போயிடும், அதனாலயும் வாசலை மேல தூக்கி வெச்சிருக்காங்க. ஐரிஷ் மொழியில இதுக்குப் பேரே மணிவீடு, முக்கியமான வேலை மணி அடிச்சுக் கூப்பிடுறதுதான். கூம்புக் கூரையை 1876-ல பழைய கல்லையே வெச்சுத் திரும்பக் கட்டினாங்க.

கேள்வி: அந்தப் பள்ளத்தாக்குல மேல் ஏரின்னு சொல்ற ஏரிகிட்ட கெவின் படுத்த குகை இருக்காமே, பனியில தெரியுமா?

பதில்: தெரியாது. தண்ணிக்கு மேல செங்குத்துப் பாறையில இருக்கு, ஒரு ஆள் முடங்கிக்கிற அளவுதான், நல்ல நாள்லயே எதிர்க்கரையிலேர்ந்துதான் பாக்க முடியும். அவர் கையை நீட்டி ஜெபம் பண்ணிட்டிருந்தப்போ ஒரு கருங்குருவி உள்ளங்கையில வந்து முட்டை போட்டுச்சு, குஞ்சு பொரியுற வரைக்கும் கையை அசைக்கவே இல்லைன்னு ஒரு கதை உண்டு, நான் அந்த ஏரிக்கரையில நின்னப்போ அதுதான் ஞாபகம் வந்துச்சு. குகைக்காகக் காத்திருக்காதீங்க. அதே ஏரிகிட்ட மரங்களுக்கு நடுவுல ரீஃபர்ட்னு கூரை இல்லாத ஒரு சின்ன தேவாலயம் இருக்கு, அங்க போயி உக்காருங்க. இலையிலேர்ந்து தண்ணி சொட்டுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்.