பெலாரஸ்: லுகஷென்கோவைத் தாங்கி நிற்பது எது? – கேள்வி பதில்

கேள்வி: 2020-இல் அதிபர் தேர்தல் மோசடியை எதிர்த்துத் தலைநகர் மின்ஸ்க் நகரமே தெருவில் நின்றது. அப்படியும் அதிபர் லுகஷென்கோ ஏன் விழவில்லை?

தடியடியும் சிறையும் எல்லாருக்கும் தெரியும். நான் வேலை ஒப்பந்தத்திலிருந்து தொடங்குகிறேன். 1999-இல் வந்த 29-ஆம் எண் ஆணை, நிரந்தர வேலையில் இருந்தவர்களைக்கூட ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு மாற்ற வழிவிட்டது. பெரிய ஆலைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் எல்லாம் அரசு கையில். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் போதும், ஆள் வெளியே.

இனி வாக்குச்சாவடிக்கு வாருங்கள். பெரும்பாலும் அது ஒரு பள்ளிக்கூடம். பல இடங்களில் சாவடிக் குழுவின் தலைவரே தலைமை ஆசிரியர். உறுப்பினர்கள் அவரிடம் வேலை பார்க்கும் ஆசிரியைகள். தேர்தல் நாளுக்கு முந்தைய ஐந்து நாளும் முன்கூட்டி வாக்களிக்கலாம். இரவில் பெட்டி அங்கேயே இருக்கும். 2020-இல் 40 விழுக்காட்டுக்கு மேல் அப்படி விழுந்ததாக அறிவித்தார்கள். கடைசி இரவில் எண்ணிக்கைத் தாளை நீட்டுகிறவர், அந்த ஆசிரியையின் அடுத்த ஆண்டு வேலையை முடிவு செய்கிறவர். வேறு மிரட்டலே வேண்டாம்.

அப்படியும் சில சாவடிகளில் உண்மையான எண்ணிக்கையைக் கதவில் ஒட்டினார்கள். அங்கே எதிரணி வேட்பாளர் ஸ்வியத்லானா சிகனோவ்ஸ்கயா முன்னிலை. அந்தக் கையெழுத்துகளைப் போட்டவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கும். நாட்டு அளவில் அறிவித்ததோ லுகஷென்கோவுக்கு 80 விழுக்காடு, சிகனோவ்ஸ்கயாவுக்கு 10.

கேள்வி: மக்கள் பயந்தாங்கொள்ளிகளா?

இல்லை. முதல் சில நாள்களில் மட்டும் 6,000-க்கு மேல் கைது. அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் ஞாயிறுதோறும் வந்தார்கள்.

கேள்வி: மகனுக்கு அங்கே மருத்துவ இடம் கிடைத்திருக்கிறது. அனுப்பலாமா?

இது என் துறை இல்லை. மின்ஸ்கில் இந்தியத் தூதரகம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

கேள்வி: இதெல்லாம் எதற்கு? அவர் புதினின் பொம்மை, அவ்வளவுதான்.

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புதின் சோச்சியில் 150 கோடி டாலர் கடன் தருவதாகச் சொன்னது செப்டம்பர் 14. தேர்தல் ஆகஸ்ட் 9. நடுவில் இருந்த அந்த ஐந்து வாரமும் தாங்கியது லுகஷென்கோவின் சொந்தக் காவல்துறையும் நிர்வாகமும்தான்.

(அதே நண்பர்) மலிவு எரிவாயுவை நிறுத்தினால் ஒரு வாரம் தாங்குவாரா?

எரிவாயு பெரிய விஷயம், சரி. ஆனால் 2022-இல் ரஷ்யப் படை தன் மண் வழியாக உக்ரைனுக்குள் போக விட்டவர், தன் படையை அனுப்பவில்லை. கடன்பட்டவர்தான், ஆனாலும் பேரம் பேசுகிறவர். பொம்மை என்று தள்ளிவிட்டால் உள்ளூர் இயந்திரத்தை யாரும் பார்க்கவே மாட்டார்கள். நான் திரும்பத் திரும்ப எச்சரிப்பது இதைத்தான். 2020 ஆகஸ்ட் 17 அன்று மின்ஸ்கின் சக்கர இழுவை வண்டி ஆலையில் தொழிலாளர்கள் அவர் முகத்துக்கு நேரே ‘போய்விடு’ என்று கத்தினார்கள். அக்டோபரில் நாடு தழுவிய வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு வந்தபோது பெரிய ஆலைகள் நிற்கவில்லை. கலந்துகொண்ட பலருக்கு வேலை போயிற்று. அந்த ஆலை வாசல்களில் ரஷ்யப் படையா நின்றது?

கேள்வி: மக்கள் ஏன் திரும்ப எழவில்லை?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். ஒப்பந்தம்.

கேள்வி: வெளிநாடு தப்பியவர்களாவது நிம்மதியாக இருக்கிறார்களா?

2021 மே 23 அன்று ஏதென்ஸிலிருந்து வில்னியஸ் போன ரயன்ஏர் விமானத்தை வெடிகுண்டு என்று சொல்லி மின்ஸ்கில் இறக்கி, அதிலிருந்த எதிரணிப் பத்திரிகையாளர் ரமன் பிரதாசெவிச்சைப் பிடித்தார்கள். 2023 செப்டம்பரில் வந்த ஆணைப்படி பெலாரஸ் தூதரகங்கள் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதில்லை. காலாவதியானால் நாடு திரும்பித்தான் வாங்க வேண்டும். திரும்பினால் கைதாகும் ஆபத்து.

கேள்வி: அமெரிக்கா பேசி அரசியல் கைதிகளை மீட்டது நல்லதுதானே?

2025 டிசம்பரில் அமைதி நோபல் பெற்ற மனித உரிமைப் போராளி அலேஸ் பியாலியாட்ஸ்கி உட்பட 123 பேர் வெளியே வந்தார்கள். அன்று நான் அழுதேன். பதிலுக்கு பெலாரஸின் பொட்டாஷ் உரத்தின் மீதிருந்த அமெரிக்கத் தடை நீங்கியது. ஆள்களைப் பிடிப்பதை மட்டும் பெலாரஸ் அரசு நிறுத்தவில்லை.