எந்த சென்டரில் சேர்ப்பது?

வணக்கம் மேடம்,

எங்கள் மகனுக்கு மூன்றரை வயது. இரண்டு மாதத்துக்கு முன்பு ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சு வரவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப் போவான். திருச்சியில் இரண்டு சென்டர் பார்த்தோம். பெரிய இடத்தில் வாரம் 30 மணி நேரம் ஏ.பி.ஏ. (நடத்தைப் பயிற்சி) கொடுத்தால் ஆறு மாதத்தில் பேசிவிடுவான் என்கிறார்கள்; பெற்றோர் உள்ளே வரக் கூடாதாம். இன்னொன்று சின்ன இடம். வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், அம்மாவும் கூடவே உட்கார வேண்டுமாம். வீட்டில் எல்லோரும் பெரிய இடத்தையே சொல்கிறார்கள். எதைப் பார்த்து முடிவு செய்வது?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

ஒரு குழந்தை எப்போது பேசும் என்று யாராலும் தேதி குறிக்க முடியாது. குறித்துக் கொடுக்கிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

மணிக்கணக்கும் உங்களை மயக்க வேண்டாம். ஏ.பி.ஏ.வில் வாரம் 40 மணி நேரம் என்ற பேச்சு, 1987இல் அமெரிக்காவில் உளவியலாளர் லோவாஸ் வெளியிட்ட ஆய்வின் மூலம் பரவியது. அந்த அளவு சிகிச்சை பெற்ற குழந்தைகள் 19 பேர்தான். அதட்டுவதும் சில வேளை தொடையில் அடிப்பதும்கூட அன்றைய முறையில் இருந்தன. இன்று எந்த சென்டரிலும் அதற்கு இடமிருக்கக் கூடாது. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு மத்தியானத் தூக்கமும் விளையாட்டும் வேண்டும். 30 மணி என்றால் அவை எங்கே போகும் என்று கேளுங்கள்.

சேர்க்கும் முன் ஒரு முழு செஷனை உட்கார்ந்து பாருங்கள். குழந்தை 'மாட்டேன்' என்று காட்டும் அந்த நிமிடம்தான் முக்கியம். மேசையில் பத்துத் துண்டு பஸில். பிள்ளை அதைத் தள்ளிவிட்டு அழுகிறது. ஒரு தெரபிஸ்ட் கையைப் பிடித்துப் பத்தையும் வைக்க வைப்பார். இன்னொருவர் எட்டுத் துண்டை எடுத்துவிட்டு இரண்டை மட்டும் வைப்பார். 'போதும்' என்ற பட அட்டையைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பார். பிள்ளை அதைத் தொட்டதும் நிறுத்துவார். அடுத்த வாரம் மூன்று துண்டு. இந்த இரண்டாமவரைத் தேடுங்கள்.

அழுகைக்குக் காரணம் ஒன்றல்ல. வேலையிலிருந்து தப்பிக்க அழலாம், பொருள் வேண்டி அழலாம், நம் கவனத்துக்காக அழலாம், மிக்ஸி சத்தம் தாங்காமலும் அழலாம். அதனால் நல்ல சென்டரில் அழுகைக்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பிறகு என்ன கிடைத்தது என்று மூன்று பகுதியாகக் குறித்து வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் 'அடம், கண்டுக்காதீங்க' என்று ஒரே பதில் வந்தால் அங்கே யாரும் எதையும் கவனிக்கவில்லை.

அடுத்து, பிள்ளைக்கான இலக்குகளை எழுதி வைக்கும் கோல் ஷீட்டை வாங்கிப் படியுங்கள். 'கண்ணைப் பார்க்க வைத்தல்' என்பது கோல் அல்ல. பல குழந்தைகளுக்கு அது வேதனை. 'பிஸ்கட் வேண்டும்போது, யாரும் கை பிடிக்காமல், 10 முறையில் 8 முறை படத்தை எடுத்துக் கொடுப்பான். தொடர்ந்து மூன்று செஷன். பிறகு வீட்டில் பாட்டியிடமும்' என்று எழுதியிருந்தால் அது கோல். பட அட்டை பேச்சைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது தடுப்பதில்லை.

பெரும்பாலும் தவறு நடப்பது உதவியைக் குறைக்காமல் விடுவதில். தெரபிஸ்ட் முழங்கையைத் தொட்டால்தான் பிள்ளை அட்டையை எடுக்கும்; டேட்டா ஷீட்டில் பத்துக்குப் பத்து இருக்கும்; வீட்டில் ஒன்றும் நடக்காது. அதனால் மதிப்பெண்ணோடு எவ்வளவு உதவி கொடுத்தார்கள் என்பதும் ஷீட்டில் இருக்க வேண்டும். கையைப் பிடித்தா, லேசாகத் தொட்டா, சுட்டிக் காட்டியா, தானாகவா? ஒரு மாதமாக ஒரே உதவி என்றால் மாற்ற வேண்டியது திட்டத்தை, பிள்ளையை அல்ல.

ஆட்களின் தகுதியையும் கேளுங்கள். ஸ்பெஷல் எஜுகேட்டர், ஸ்பீச் தெரபிஸ்ட், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மூவருக்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். ஆர்.பி.டி. (ரெஜிஸ்டர்டு பிஹேவியர் டெக்னீஷியன்) என்பது 40 மணி நேரப் பயிற்சியில் தொடங்கும் உதவியாளர் நிலை. அவர் தனியே திட்டம் போடக் கூடாது. மேற்பார்வையாளர் மாதம் எத்தனை முறை நேரில் வந்து பார்க்கிறார் என்று கேளுங்கள்.

பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்பதற்கு, பெற்றோரைப் பார்த்தால் பிள்ளை அழும் என்று காரணம் சொல்வார்கள். சில நாளைக்கு அது உண்மையாக இருக்கலாம். அதற்கு கேமரா வழியாகக் காட்டலாமே. எப்போதும் பார்க்கவே கூடாது என்றால் அந்த இடம் வேண்டாம். பேச்சில்லாத குழந்தை, உள்ளே நடந்ததை வந்து சொல்லாது. மேலே சொன்ன ஷீட்டுகள் சின்ன இடத்தில் இருந்தால் அங்கேயே சேருங்கள். அங்கே கற்றதைப் பிள்ளை குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் நீங்கள் செய்ய வைத்தால், மூன்று மணி நேரம் நாள் முழுக்க நீளும்.

பணம் இடித்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட இடையீட்டு சேவை மையத்தை விசாரியுங்கள்; அங்கே கட்டணமில்லை. சென்னை அருகே முட்டுக்காட்டில் இருக்கும், பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனத்தில் ஒருமுறை முழு மதிப்பீடு செய்துகொள்வது நல்லது. ஊனமுற்றோர் அடையாள அட்டை கிடைத்ததும் மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும்.

இன்னொன்று. காது பரிசோதனை செய்ததாக நீங்கள் எழுதவில்லை. காது கேட்கிறதா என்று பார்க்கும் 'பெரா' டெஸ்ட் எடுக்காமல் இருந்தால், எந்த சென்டரிலும் பணம் கட்டுவதற்கு முன் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.