ஒரே பேரியம் டைட்டனேட்: வில்லையில் சில ஆயிரம், படலத்தில் சில நூறு. ஏன்?

மின்தேக்கிகளில் பயன்படும் பீங்கானான பேரியம் டைட்டனேட்டை வில்லையாக அழுத்திச் சுட்டு அளந்தால் மின்காப்பு மாறிலி (மின்தேக்கியில் நிரப்பினால் வெற்றிடத்தைவிட எத்தனை மடங்கு மின்னூட்டம் சேரும் என்ற எண்) சில ஆயிரம் வருகிறது, அதையே பிளாட்டினம் பூசிய சிலிக்கான் மேல் படலமாக்கினால் சில நூறைத் தாண்டவில்லை, எக்ஸ் கதிர் சோதனையில் இரண்டும் பேரியம் டைட்டனேட்தான், எங்கே தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

தப்பே செய்யாவிட்டாலும் இப்படித்தான் வரும். ஆய்வு மாணவனாக இருந்தபோது நான் இரண்டு மாதம் மின்தேக்குத்திறனை அளக்கும் எல்சிஆர் மீட்டரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். மீட்டர் பாவம், சரியாகத்தான் சொன்னது.

முதல் காரணம் மணியின் அளவு, அதாவது பொருளுக்குள் நெருக்கமாக ஒட்டியிருக்கும் குட்டிப் படிகங்களின் அளவு. பேரியம் டைட்டனேட் வில்லையில் படிகமணி ஒரு மைக்ரான் அளவில் இருக்கும்போது மாறிலி 5000 வரை ஏறும். மணி அதைவிடச் சிறுத்தால் மளமளவென்று இறங்கும். படலத்தில் மணிகள் பெரும்பாலும் சில பத்து நானோமீட்டர்தான்.

இரண்டாவது, மணிகளுக்கு இடையே உள்ள எல்லை. இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். படலத்தில் மணிகளின் தடிமன் மட்டும் 300 நானோமீட்டர், மணிக்குள் மாறிலி 1000 என்று வையுங்கள். 30 நானோமீட்டர் மணிகள் பத்து, ஒன்றன்மேல் ஒன்றாக. நடுவில் ஒன்பது எல்லைகள். ஒவ்வொன்றும் 1 நானோமீட்டர், மாறிலி 30. தொடரிணைப்பு மின்தேக்கிகள் மாதிரி தடிமனை மாறிலியால் வகுத்துக் கூட்டுங்கள்: மணிகளுக்கு 0.3, எல்லைகளுக்கும் 0.3. மொத்தத் தடிமன் 309, அதை 0.6-ஆல் வகுத்தால் சுமார் 515. தடிமனில் மூன்று சதவீதம்கூட இல்லாத எல்லை, மாறிலியைப் பாதியாக்கிவிட்டது! (எண்கள் நான் வசதிக்காக எடுத்தவை.)

மணிகள் அடியிலிருந்து மேல்வரை தூண் தூணாக வளர்ந்திருந்தால், எல்லைகள் மின்புலத்துக்குக் குறுக்கே நிற்காது, பக்கத்திலேயே ஓடும். அப்போது இந்த இழப்பு இல்லை. சால்-ஜெல் முறையில் (கரைசலைப் பூசி, உலர்த்தி, சுட்டுப் படலமாக்கும் முறை) தூண் வேண்டுமென்றால் கரைசலை நீர்க்கவிட்டு, மெல்லிசாகப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் தனித்தனியாக 700 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். ஒரே மூச்சில் தடிமனாகப் பூசினால் மணிகள் படலம் முழுக்கத் தாறுமாறாகக் கருக்கொள்ளும்.

நான் அப்படியே செய்தேன். மின்தேக்குத்திறன் ஏறியது, சந்தோஷம். மறுநாள் பார்த்தால் மேல் மின்முனையாகப் போட்ட பிளாட்டினப் புள்ளிகளில் பாதி ஷார்ட். குறுக்கே நின்று மாறிலியைத் தின்ற அதே எல்லை, நேராக நின்றதும் கசிவு மின்னோட்டத்துக்கு மேலிருந்து கீழ்வரை வாய்க்கால் வெட்டிக் கொடுத்துவிட்டது. கடைசியில் தூண்களின் மேல் ஒரு பூச்சு மட்டும் குறுமணியாகப் போட்டுத்தான் சமாளித்தேன். மாறிலியில் கொஞ்சம் போனது.

சுட்டபின் குளிரும்போது, படலத்தை விடச் சிலிக்கான் குறைவாகச் சுருங்குவதால் வரும் இழுவிசையும் மாறிலியைப் பாதிக்கும். அதைப் பிறகு பாருங்கள்.

முதலில் படலம் உள்ள சிலிக்கான் சில்லை உடைத்துக் குறுக்குவெட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள். மேற்பரப்புப் படம் போதாது. மேலிருந்து பார்த்தால் தூணும் குறுமணியும் ஒரே மாதிரி கூழாங்கல் பரப்பியதுபோலத்தான் தெரியும்.