வண்ணக் கண்ணாடி வகுப்பில் யார் முன்னேறுகிறார்?

கேள்வி: புதுச்சேரியில் என் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் ஸ்டெயின்ட் கிளாஸ் வகுப்பு நடத்துகிறேன். கண்ணாடித் துண்டுகளின் ஓரத்தில் மெல்லிய செம்புப் பட்டை ஒட்டி இணைக்கும் காப்பர் ஃபாயில் முறையில் ஆளுக்கொரு பேனல் செய்து, நான்கு மாத முடிவில் சிறிய கண்காட்சி ஒன்று வைப்பதாகத் திட்டம். மூன்று மாதங்கள் கடந்துவிட்டன. கல்லூரி மாணவர் ஒருவர் இரண்டு பேனல்களை முடித்துவிட்டார். பின்புறம் மட்டும், துண்டுகளை இணைக்க உருக்கி ஊற்றும் உலோகமான சால்டர் திட்டுத் திட்டாக நிற்கிறது. வங்கியில் ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இன்னும் கண்ணாடி வெட்டும் நிலையிலேயே இருக்கிறார். பாதித் துண்டுகள் தவறான இடத்தில் உடைகின்றன. 64 துண்டுகள் கொண்ட மீன்கொத்திப் படத்தை எடுத்துக்கொண்ட அம்மா ஒருவர், கழுத்து வளைவில் கண்ணாடி மீண்டும் மீண்டும் உடைவதால் வகுப்பையே விட்டுவிடலாமா என்கிறார். இன்னொருவரின் பேனல் வரைபடத்தைவிடப் பெரிதாகிவிட்டது. அவர் ஃபாயில் ஒட்டிவைத்த துண்டுகளில் சால்டரும் சரியாகப் பிடிப்பதில்லை. பின்தங்கியவர்களுக்கு நானே வெட்டிக் கொடுத்துவிடலாமா? கண்காட்சியைத் தள்ளிவைக்கலாமா? தேநீர் இடைவேளையிலும் மேசையை விட்டு எழாமல் வேலை செய்கிறார்கள், இருந்தும் முடியவில்லை.
— புதுச்சேரி வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நான்கு மாணவர்களின் நிலையையும் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருப்பது மிகவும் உதவியாக இருக்கிறது. நால்வருக்கும் வந்திருப்பவை வெவ்வேறு சிக்கல்கள். யார் முடித்தார், யார் முடிக்கவில்லை என்ற ஒரே கணக்கில் அவற்றைச் சேர்த்துப் பார்ப்பதால்தான் வகுப்பே தேங்கி நிற்பதாக உங்களுக்குத் தோன்றுகிறது. இந்தக் கலையில் ஒருவருடைய முன்னேற்றத்தைப் பார்க்க வேண்டிய இடம், வெட்டித் தேய்த்த துண்டுகளை வரைபடத்தின் மேல் பரப்பிவைக்கும் அந்த மேசைதான் என்பது என் உறுதியான கருத்து. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே கோடு சீராகத் தெரிகிறதா, ஓரிடத்தில் மறைந்தும் ஓரிடத்தில் அகன்றும் கிடக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு வரும் ஃபாயில், சால்டர், சால்டர் கோடுகளுக்கு நிறமேற்றும் பாட்டினா ஆகிய எல்லாப் படிகளும் அங்கே நிகழ்ந்த பிழையைச் சுமந்துகொண்டே போகுமே தவிர, அதைத் திருத்துவதில்லை.

அந்த வகையில், நீங்கள் கவலைப்படாமல் விட்டிருக்கும் கல்லூரி மாணவரைப் பற்றித்தான் நான் முதலில் கவலைப்படுகிறேன். சால்டர் பின்பக்கம் திட்டுத் திட்டாக நிற்பது, பெரும்பாலும் துண்டுகளுக்கு இடையே அகன்ற இடைவெளிகள் இருந்து, உருகிய உலோகம் அவற்றின் வழியே மறுபுறம் ஒழுகியதன் அடையாளம். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த சால்டர் ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸில் முழுமையாக உருகிவிடும். இடைவெளியை நிரப்புவதற்காக, சால்டரை உருக்கும் சூட்டுக்கோலான அயர்னை ஒரே இடத்தில் நிறுத்திவைத்தால், கீழே ஒழுகுவதோடு, பக்கத்திலுள்ள கண்ணாடி வெப்பத்தால் விரிசல் விடவும் கூடும். அவருடைய வேகத்தைத் தடுக்க வேண்டாம். அது அவருக்கு இயல்பாக வந்த நல்ல குணம். மூன்றாவது பேனலுக்கு ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: துண்டுகள் அனைத்தையும் வரைபடத்தின் மேல் வைத்து, நீங்கள் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகே ஃபாயில் சுருளைப் பிரிக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற ஐயாவின் சிக்கலுக்கு வயதோ கை நடுக்கமோ காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர் கட்டரை அழுத்துகிற விதத்தையும், ஒரே கோட்டின் மேல் இரண்டாம் முறை ஓட்டுகிறாரா என்பதையும் அருகில் நின்று கவனியுங்கள். கட்டரின் சக்கரம் கண்ணாடியை அறுப்பதில்லை. மேற்பரப்பில் மெல்லிய கீறல் ஒன்றை உண்டாக்குகிறது, நாம் வளைத்து அழுத்தும்போது அந்தக் கீறலைப் பின்பற்றியே கண்ணாடி பிரிகிறது. போட்ட கோட்டின் மேலேயே மறுபடி ஓட்டினால் கீறலின் விளிம்பு நொறுங்கி, முறிவு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும், சக்கரமும் கெடும். கோட்டின் மேல் வெள்ளைத் தூள் தெரிந்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள். சரியான அழுத்தத்தில் ஓட்டினால் பட்டுத் துணி கிழிவது போன்ற மெல்லிய ஓசை முதல் விளிம்பிலிருந்து கடைசி விளிம்புவரை அறுபடாமல் கேட்கும். அந்த ஓசையைக் காதால் பிடிக்கக் கற்றுக்கொண்டவருக்குக் கண்ணாடி மிக அரிதாகவே வழி தவறும். அவர் உட்கார்ந்து வெட்டுகிறார் என்றால் நின்றுகொண்டு வெட்டச் சொல்லுங்கள். தோளிலிருந்து வரும் அழுத்தம் மணிக்கட்டின் அழுத்தத்தைவிடச் சீரானது. கீறிய உடனே பிரித்துவிட வேண்டும். புடைப்பும் வரியும் உள்ள கண்ணாடியாக இருந்தால் வழவழப்பான பக்கத்தில்தான் கீற வேண்டும். அது பின்பக்கமாக அமைந்துவிட்டால் அந்தத் துண்டின் வரைபடத்தைத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அவருக்கு இன்னும் ஒரு வார்த்தை. விலை உயர்ந்த வண்ணக் கண்ணாடியை உடைத்துவிடுவோமோ என்ற அச்சமே கையை இறுக்கிவிடும். படத்துக்குச் சட்டம் போடும் கடையிலோ ஜன்னல் கண்ணாடிக் கடையிலோ 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரணக் கண்ணாடியின் வெட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்கிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு வகுப்பின் முதல் அரை மணி நேரமும் எல்லா மாணவர்களையும் அதில் பயிற்சி செய்யச் சொல்லுங்கள்: முதலில் நேர்கோடுகள், பிறகு மெல்லிய வளைவுகள், கடைசியாக வட்டம். எல்லோரும் செய்கிற பயிற்சியாக இருந்தால், தனக்கு மட்டும் பாடம் திரும்ப நடக்கிறது என்ற கூச்சம் அவருக்கு வராது.

இனி, மீன்கொத்திக்கு வருகிறேன். அந்த அம்மாவின் கையில் குறை இல்லை. குறை வரைபடத்தில் இருக்கிறது, அதை முதலிலேயே பார்த்துத் திருத்தியிருக்க வேண்டிய பொறுப்பு ஆசிரியராகிய உங்களுடையது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். முறிவு எப்போதும் நேரான வழியையே நாடும் இயல்புடையது. உள்நோக்கிக் குடைந்த ஆழமான வளைவை ஒரே கீறலில் பிரிக்க முயன்றால், கண்ணாடி வளைவின் அடியிலிருந்து நேராக ஓரத்துக்கு ஓடிவிடும். இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆழம் குறைந்த வளைவுகளாக ஒன்றன்பின் ஒன்றாகக் கீறி, பிறைபோன்ற மெல்லிய துண்டுகளாக எடுத்துக்கொண்டே உள்ளே போய், மிஞ்சியதைக் கண்ணாடி ஓரம் தேய்க்கும் இயந்திரமான கிரைண்டரில் தேய்க்கலாம்; புதிதாகக் கற்பவருக்கு இது களைப்பூட்டும் வேலை. இரண்டாவது வழியையே நான் பரிந்துரைக்கிறேன்: கழுத்து வளைவின் மிக ஆழமான புள்ளியிலிருந்து பின்னணியின் ஊடாகச் சட்டம்வரை ஒரு கோட்டை இழுத்து, அந்தப் பின்னணியை இரண்டு துண்டுகளாக்குங்கள். அந்தக் கோடு ஒரு நாணல் தண்டாகவோ நீரின் விளிம்பாகவோ அமைந்துவிட்டால், அது படத்தோடு இயல்பாகக் கலந்துவிடும்.

இதை மாணவர்களுக்குக் கண்ணால் காட்ட உங்கள் ஊரிலேயே வாய்ப்பு இருக்கிறது. 1907-இல் கட்டி முடிக்கப்பட்ட திரு இருதய பசிலிக்காவின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை வகுப்போடு ஒருமுறை போய்ப் பாருங்கள். புனிதர்களின் முகங்களை ரசிப்பதோடு நின்றுவிடாமல், ஈயக் கோடுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன, எந்தெந்த வளைவை எங்கே உடைத்து இரண்டாக்கியிருக்கிறார்கள் என்று ஆளுக்கொரு தாளில் வரையச் சொல்லுங்கள். அங்கே இருப்பது ஈயப் பட்டை முறை, நீங்கள் கற்பிப்பது ஃபாயில் முறை என்றாலும், கண்ணாடி உடைகிற விதி இரண்டுக்கும் ஒன்றுதான்.

அந்த அம்மாவிடம் கணக்கையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஒரு துண்டை வரைந்து, வெட்டி, தேய்த்துப் பொருத்த 15 நிமிடம் என்று வைத்தால், 64 துண்டுகளுக்கு 16 மணி நேரம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் வெட்டுவதற்கும் தேய்ப்பதற்கும் மட்டுமே எட்டு சனிக்கிழமைகள் வேண்டும். இந்தக் கணக்கை முன்கூட்டியே அறியாதவர் தம்மை மந்தமானவராகவே எண்ணிக்கொள்வார், அது அநியாயம்.

பேனல் பெரிதாகிப்போனதற்கு முதன்மையான காரணம், ஃபாயிலுக்கும் சால்டருக்கும் இடம் விடாமல் கோட்டின் வெளி விளிம்புவரை வெட்டியதாகத்தான் இருக்கும். காப்பர் ஃபாயில் முறையில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் இடைவெளி தேவைப்படுகிறது. ஒவ்வோர் இணைப்பிலும் அரை மில்லிமீட்டர் கூடினாலும், குறுக்கே பத்து இணைப்புகள் உள்ள பேனலில் 5 மில்லிமீட்டர் கூடிவிடும். வரைபடத்தை வெட்டுவதற்கென்றே மூன்று அலகுகள் கொண்ட கத்தரிக்கோல் கிடைக்கிறது. அது கோட்டின் அகலத்துக்குத் தாளை நீக்கிவிடும். பலகையின் மேல் வரைபடத்தை ஒட்டி, நான்கு ஓரங்களிலும் நேரான மரச் சட்டங்களை ஆணியடித்து, அந்த எல்லைக்குள்ளேயே துண்டுகளைப் பொருத்தச் செய்யுங்கள். ஒரு துண்டு உள்ளே அடங்கவில்லை என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

அவருடைய துண்டுகளில் சால்டர் பிடிக்காததற்கு உங்கள் ஊரின் கடற்காற்றையும் நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபாயில் ஒட்டிய துண்டுகளை ஒரு வாரம் திறந்தபடி வைத்தால், ஈரமும் உப்பும் கலந்த காற்றில் செம்பு கறுத்துப்போகும். கறுத்த செம்பின் மேல் சால்டர் ஓடாது. மிக மெல்லிய இரும்புக் கம்பிப் பஞ்சால் பளபளப்பு வரும்வரை இலேசாகத் தேய்த்து, சால்டர் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இனிமேல் ஒரு வகுப்பில் ஃபாயில் ஒட்டினால் அதே வகுப்பில் சால்டர் வைத்துவிடும்படி வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். முடியாதபோது காற்றுப் புகாத பையில் போட்டு மூடிவைக்கலாம்.

நீங்களே வெட்டிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். உங்கள் கை வெட்டிய துண்டு பேனலில் என்றைக்கும் தனியாகத் தெரிந்துகொண்டிருக்கும், மற்றவருக்குத் தெரியாவிட்டாலும் செய்தவருக்குத் தெரியும். அதே வேளையில், எல்லாப் படிகளும் எல்லோருக்கும் ஒரே அளவில் கைவர வேண்டும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். நியூயார்க்கில், வண்ணக் கண்ணாடி விளக்குகளுக்குப் பெயர்பெற்ற டிஃபனியின் பட்டறையில் கிளாரா டிரிஸ்கால் தலைமையேற்றிருந்த பெண்கள் பிரிவு, விளக்குகளுக்கான கண்ணாடியைத் தேர்ந்து, வெட்டி, ஃபாயில் ஒட்டும் வேலைகளைச் செய்தது. சால்டர் வைப்பவர்கள் வேறு பிரிவினர். உலகம் வியந்த அந்த விளக்குகளே பல கைகளின் வேலை என்னும்போது, வண்ணத் தேர்வில் தேர்ந்த ஒருவர் சால்டரில் தடுமாறுவது இயல்புதான் என்று மாணவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கண்காட்சியைத் தள்ளிவைக்காதீர்கள். கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசை ஒன்றை அமைத்து, முடியாத பேனல்களை வரைபடத்தோடு அப்படியே பரப்பிவையுங்கள். முடிந்த பேனலைப் பார்ப்பவர்களுக்கு அழகு மட்டும் தெரியும். இங்கே வேலையும் தெரியும்.

தேநீரைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தாலும், நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரீயம் கலந்த சால்டர் கையாளும் மேசைக்கு அருகில் தேநீர்க் கோப்பையோ தின்பண்டமோ வரவே கூடாது. இடைவேளையில் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வேறு அறைக்குப் போக வேண்டும். ஃபிளக்ஸ் புகை முகத்துக்கு நேரே வராமல் வெளியே இழுக்கும் மின்விசிறி வேண்டும். கிரைண்டரின் பஞ்சு எப்போதும் நனைந்திருக்க வேண்டும். கண்ணாடித் தூளை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால், மாடி அறைக்கென்று தனிச் செருப்பும் மேலங்கியும் வைத்துக்கொள்வது மிகவும் அவசியம்.

வருகிற சனிக்கிழமைவரை காத்திராமல், மீன்கொத்தி அம்மாவை இன்றே தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். வரைபடத்தை நீங்கள் திருத்தித் தருவதாகச் சொல்லுங்கள். அதோடு, நேர்கோடுகள் மட்டுமே உள்ள ஐந்து துண்டுகளாலான சிறிய சதுரம் ஒன்றை முதலில் வெட்டுவதிலிருந்து பாட்டினாவரை முழுமையாகச் செய்து பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அது இரண்டு மூன்று வகுப்புகளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் மீன்கொத்தியின் கழுத்துக்குத் திரும்பலாம்.